பதிமூன்றாவது கிராஸ்

“டிசம்பர் 9, செவ்வாய், காலை 9.04. வந்தது: பதிமூணாவது கிராஸ். எச்சரிக்கை: அளவுக்கு மேல். பதிந்தது: 10.”

என் நிரல் தானாக எழுதி வைத்த குறிப்பு இது. அக்காவின் வலியைக் கணக்கில் வைத்துக்கொள்ள அக்டோபரில் அந்த நிரலை எழுதினேன். தினமும் காலை ஒன்பது மணிக்கு அவள் தன் போனிலிருந்து ஒரு செய்தி அனுப்புவாள். நிரல் அதைப் பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணாக மாற்றி, எண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். மாற்றுவதில் ஏதாவது சிக்கல் வந்தால்தான் அவள் எழுதிய சொற்களையும் சேர்த்துக் குறிக்கும். அதனால் இரண்டு மாதத்துக்கு மேல் அவள் அனுப்பியவற்றில் அவளுடைய சொற்களாகவே எஞ்சியவை இரண்டுதான். ஒன்று மேலே இருப்பது. இன்னொன்று நவம்பர் 3, திங்கட்கிழமை வந்தது: “எட்டாவது கிராஸ்.”

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எந்தக் கிராஸில், அதாவது எண் வரிசையில் போகும் எந்தக் குறுக்குத் தெருவில், எந்தக் கடை எந்தத் தேதியில் மூடியது, எந்த மரத்தை எப்போது வெட்டினார்கள் என்று முப்பது வருடமாக நோட்டில் எழுதி வைப்பவன் நான். பஸ் டிக்கெட்டைக்கூடக் கிழித்துப் போட மாட்டேன். அப்படிப்பட்டவன் அக்காவின் சொற்களை எறிந்துவிட்டு எண்களை வைத்துக்கொண்டேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அவளும் மணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்ற அடுத்த ஆண்டே முதுகெலும்பில் நோய் தெரிந்தது. தெரிந்தபோதே பரவியிருந்தது. குணமாக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்றும், வலியில்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்றும் டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அதற்கு அவருக்கு வேண்டியது ஓர் எண். தினமும் ஒரே நேரத்தில், பூஜ்ஜியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியவில்லை. அந்த எண் ஏறினால் மருந்தை ஏற்றுவார், இறங்கினால் குறைப்பார். அவள் வலியோடு போவாளா, வலியில்லாமல் போவாளா என்பது அந்த ஓர் எண்ணில் இருந்தது.

எனக்கு வேலை நகரின் மறுகோடியில், பொம்மசந்திராவில். தொழிற்சாலை இயந்திரங்களில் பொருத்தும் உணர்கருவிகள் அனுப்பும் தகவலை எண்ணாக மாற்றும் நிரல்களை எழுதுவது. கம்பெனி வேன் காலை ஏழே காலுக்கு வந்துவிடும். நான் கிளம்பும்போது அக்கா தூங்கிக்கொண்டிருப்பாள், அல்லது தூங்குவதுபோல் படுத்திருப்பாள். எட்டு மணிக்கு ஸ்ரீராம்புரத்திலிருந்து ஒரு பெண்மணி வருவார். நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதில் இருபது வருடப் பழக்கம் உள்ளவர். மாலை நான் திரும்பும்வரை இருப்பார். அக்காவிடம் நேரில் கேட்டு எழுத எனக்கு நேரம் இல்லை என்று அப்போது நினைத்தேன். அதனால் நிரல்.

நிரலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணினி மொழியில் எண் ஒரு வகை, எழுத்து வேறொரு வகை. எண் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து வந்து நின்றால் சில மொழிகள் வேலையை நிறுத்திவிடும். சில மொழிகள் சத்தமில்லாமல் எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு மேலே போகும். நாமே ஒரு புதிய வகையை உருவாக்கி, அது எண் கேட்கப்படும் இடத்தில் எப்படி எண்ணாக மாற வேண்டும் என்று கற்றுக்கொடுக்கவும் முடியும். எங்கள் தொழிலில் இதற்கு டைப் கோயர்ஷன் என்று பெயர். நான் உருவாக்கிய வகைக்கு ‘வலி’ என்று பெயர் வைத்தேன். அதற்குக் கற்றுக்கொடுத்தது கொஞ்சம்தான். செய்தியில் எண் இருந்தால் எடுத்துக்கொள். பத்துக்கு மேல் போனால் பத்து என்று வை, அக்காவின் சொற்களையும் எழுதி வை. ஒன்பதோ பத்தோ வந்தால் என் போனில் மணி அடி. மணியைப் பற்றி அக்காவிடமும் சொல்லியிருந்தேன்.

அக்டோபர் முழுவதும் அவள் ஒழுங்காக எண் அனுப்பினாள். நாலு, அஞ்சு, நாலு, அஞ்சு. ஆனால் அது அவளுக்குப் பிடிக்கவில்லை. நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை மாலை, காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தாள்.

“ஏன்டா, நாலுக்கும் அஞ்சுக்கும் என்னடா வித்தியாசம்? பரீட்சை பேப்பர் திருத்தற மாதிரி தினம் உக்காந்து மார்க் போட்டுண்டு இருக்கேன்.”

“டாக்டர் கேக்கறார்க்கா.”

“அவருக்கென்ன, கேப்பார். இருவத்தஞ்சு வருஷம் ஆபீஸ்ல கட்டம் கட்டமா ஃபார்ம் அடிச்சாச்சு. இப்ப என் முதுகுக்கும் ஒரு ஃபார்மா?”

“சரி, நம்பர் வேண்டாம். உனக்கு எப்படித் தோண்றதோ அப்படிச் சொல்லு. மிஷின் புரிஞ்சுக்கும்.”

“புரிஞ்சுக்குமா?”

“நான் பண்ணின மிஷின்.”

“அதான் பயமா இருக்கு,” என்று சிரித்தாள்.

மறுநாள் வேன் ஹொசூர் ரோடு நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது என் போனில் பிழைச் செய்தி வந்தது. ‘எட்டாவது கிராஸ்’ என்பதை எண்ணாக மாற்றத் தெரியவில்லை என்று நிரல் நின்றிருந்தது. நான் சிரித்தேன். எட்டு என்று போடாமல் எட்டாவது கிராஸ் என்று போட்டிருக்கிறாள், இதுதான் அவளுடைய குறும்பு என்று எண்ணிக்கொண்டேன். மடியில் லேப்டாப்பைத் திறந்து, கிராஸ் என்ற சொல் வந்தால் முன்னால் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன். வேன் அடுத்த சிக்னலைத் தாண்டுவதற்குள் நிரல் ஓட ஆரம்பித்துவிட்டது. பதிந்தது: 8. அஞ்சிலிருந்து எட்டுக்கு ஏறிவிட்டதே என்று கவலையும் வந்தது. அந்த வாரமே, நவம்பர் 6, வியாழக்கிழமை டாக்டரிடம் போனோம். மருந்தை ஏற்றினார்.

அதன் பிறகு எண்கள் இறங்கின. எட்டு, எட்டு, ஏழு, எட்டு, ஏழு. இருபதாம் தேதி ஆறு. நவம்பர் 27, வியாழன், ஐந்து. அன்று டாக்டர் என் வரைபடத்தை மேஜையில் விரித்து, விரலால் கோட்டைத் தொடர்ந்து வந்து, “கம்மி ஆக்தா இதே, நோடி,” என்றார். குறைந்துகொண்டு வருகிறது, பாருங்கள். ஏற்றிய மருந்து பிடித்துக்கொண்டது என்றும், பகலில் இவ்வளவு மயக்கம் வேண்டாம், மதிய மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றும் சொன்னார். அக்காவைப் பார்த்து, “ஏனம்மா, சரிதானே?” என்று கேட்டார். சக்கர நாற்காலியில் இருந்த அக்கா, “நீங்க ரெண்டு பேரும் சொன்னா சரி,” என்றாள். நான் மகிழ்ந்தேன். அதை நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன்: “27-11. மருந்து குறைப்பு. நல்ல நாள்.”

மாலையில் நான் வரும்போது அவள் தலை வாரி, முகம் கழுவி, டிவி முன் சாய்ந்திருப்பாள். பேச்சு குறைந்திருந்தது. நோயின் களைப்பு என்று நினைத்தேன். பற்களை அவள் கடித்துக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்தேன். கேட்டபோது, “வாய்க்குள்ள ஏலக்காய்,” என்றாள்.

நவம்பர் 30, ஞாயிறு. அன்று வரைபடத்தை அவளிடம் காட்டினேன். அதுவரை அவள் அதைச் சரியாகப் பார்த்ததில்லை. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, “இதோ பார்க்கா, இது மூணாம் தேதி. இது இன்னிக்கு. எப்படி இறங்கி வந்திருக்கு பாரு,” என்றேன். அன்றைய எண் நான்கு.

அவள் காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். எட்டு என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். நான்கில் வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“இதைப் பாத்துதான் டாக்டர் மாத்திரையை நிறுத்தினாரா?”

“ஆமாம்க்கா. நல்லா இறங்கறதே.”

“உனக்கு சந்தோஷமா இருக்கா?”

“இருக்காதா பின்னே?”

“கோடு அழகா இருக்குடா,” என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். “இதையும் உன் நோட்டுல ஒட்டி வை. எனக்கு முதல் பல் விழுந்த தேதிகூட நீ எழுதி வெச்சிருப்பே, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே விழுந்திருந்தாலும்.”

ஒட்டி வைத்தேன். இன்னும் இருக்கிறது.

டிசம்பர் 4 அன்று மூன்று. 8 அன்று இரண்டு. 9 அன்று காலை, நான் பொம்மசந்திராவில் என் நாற்காலியில் உட்காரும்போதே போன் அடித்தது. பத்து. அதுவரை ஒருமுறைகூட அந்த மணி அடித்ததில்லை. வீட்டுக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. ஓடினேன். மெட்ரோவைப் பிடித்து, வழியில் வண்டி மாறி, சம்பிகே ரோடு நிலையத்தில் இறங்கினேன். ஆட்டோ கிடைக்கவில்லை. நிலையம் முதல் கிராஸ் பக்கம், எங்கள் வீடு பதிமூன்றாவது கிராஸில். பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனேன். எட்டாவது கிராஸில் மார்க்கெட் கூட்டம். பூக்கூடைகளைத் தாண்டிப் போனது நினைவிருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பத்து ஐம்பது.

அந்தப் பெண்மணி வாசலிலேயே விரலை உதட்டில் வைத்தார். “எழுப்பாதீங்க சார். இப்பதான் கண்ண மூடினாங்க. காலைலேர்ந்து நல்லாதான் பேசிக்கினு இருந்தாங்க.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். முகம் சுளித்திருக்கவில்லை. பத்து என்றாளே, இப்படித் தூங்குகிறாளே என்று குழம்பி டாக்டருக்குப் போன் செய்தேன். தூங்கினால் தூங்கட்டும், விழித்து வலி என்றால் அவசர மருந்து கொடுங்கள் என்றார். இரண்டு மணி வாக்கில் கண் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.

“வந்துட்டியா,” என்றாள்.

“வந்துட்டேன்க்கா. ரொம்ப வலிக்கறதா?”

என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். மறுபடி கண் மூடினாள். மாலை 4.40க்கு மூச்சு நின்றது. கை என் கையில்தான் இருந்தது.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண்மணி வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். அக்காவின் கட்டில் இருந்த இடத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

“உங்க காபி அக்கா சொன்ன மாதிரிதான் சார் இருக்குது.”

“என்ன சொன்னா?”

“ஆறிப்போன காபியக்கூட பொறுத்துக்கலாம், எந்தம்பி போட்ட காபிய பொறுத்துக்க முடியாதுன்னு.” சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவங்க இருந்த இருப்புக்கு, அந்த வலியிலயும் எப்படித்தான் ஜோக்கடிச்சாங்களோ. அந்தக் கிராஸ் கணக்கையே எடுத்துக்கோங்களேன்.”

“எட்டு, ஏழு, ஆறுன்னு அனுப்புவாளே, அதுவா?”

“அதான் சார். கடேசில ரெண்டாவது கிராஸ் வரைக்கும் போயிட்டாங்களே பாவம்.”

“ரெண்டுக்கு வந்தது நல்லதுதானே? வலி ரெண்டுதானே?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “இன்னா சார் சொல்றீங்க? வீட்டுலேர்ந்து ரெண்டாவது கிராஸ் எம்மாந் தூரம்!”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அவர்தான் சொன்னார். வலி இல்லாதபோது நான் என் வீட்டில் இருக்கிறேன், வலி வந்தால் அது என் கையைப் பிடித்துத் தெருவில் இழுத்துக்கொண்டு போகிறது என்பாளாம் அக்கா. கொஞ்சமாக இருந்தால் அடுத்த தெருவான பன்னிரண்டாவது கிராஸோடு விட்டுவிடும். அவள் தினமும் மாலை காய்கறி வாங்க நடந்துபோன எட்டாவது கிராஸ்வரை போனாலும் திரும்பி வந்துவிடலாம். அதற்கு மேல் போனால் திரும்பி வரும் வழி தெரியவில்லை என்பாளாம்.

“நாலாவது கிராஸுன்னு போட்ட அன்னிக்கு, துணியக் கடிச்சிக்கினு கெடந்தாங்க சார். நான் டாக்டருக்குப் போன் போடட்டுமான்னா, வேணாம், எந்தம்பிக்கு மெசேஜ் போயிடுச்சு, அவன் மிஷின் டாக்டருக்கு சொல்லிடும்னாங்க.”

“எங்கேருந்து எண்ணினா?” என்று கேட்டேன். தெரிந்துவிட்ட பிறகும் கேட்டேன்.

“வீட்டுலேர்ந்துதான் சார். வேற எங்கேர்ந்து எண்ணுவாங்க?”

என் தொழிலில் ஒரு படிவம் உண்டு. புதிய உணர்கருவி எதைச் சேர்த்தாலும் அதை நிரப்ப வேண்டும். அதில் ‘நேரா, எதிரா’ என்று ஒரு கட்டம். தொட்டியின் மேல்மூடியில் பொருத்தும் கருவி, தனக்கும் தண்ணீருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளக்கும். தொட்டி நிரம்ப நிரம்ப எண் குறையும். அதைக் கேட்காமல் விட்டால், தொட்டி காலியாகிறது என்று நினைத்து மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டே இருப்போம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இந்தக் கட்டத்தை நிரப்பாமல் எதையும் என் மேஜைக்குக் கொண்டுவராதே என்று பதினெட்டு வருடமாகச் சொல்லிவருகிறேன். அக்காவுக்கு அந்தக் கட்டத்தை நான் நிரப்பவில்லை. எது உன் பூஜ்ஜியம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மாலையில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

அவர் போன பிறகு நிரலைத் திருத்தினேன். நவம்பர் 3 முதல் வந்ததைப் பதிமூன்றிலிருந்து கழி. ஒரே ஒரு வரி. எட்டு ஐந்தானது, அதாவது அக்டோபரில் இருந்த அதே ஐந்து. ஏழு ஆறானது. நான் நல்ல நாள் என்று எழுதிய நவம்பர் 27 எட்டானது. வரைபடத்தைக் காட்டிய ஞாயிறு ஒன்பது. டிசம்பர் 4 பத்து. 8 பதினொன்று, அளவுக்கே வெளியே. கோடு மலை ஏறுவதுபோல் ஏறிக்கொண்டே போய், கடைசி நாளில் செங்குத்தாகக் கீழே விழுந்து பூஜ்ஜியத்தில் நின்றது.

அவளுடைய சொற்களைத் தேடினேன். பழைய செய்திகள் சேர்ந்து போன் அடைத்துக்கொள்கிறது என்று, ஏழு நாளில் தானாக அழியும்படி அவள் போனை அமைத்துக் கொடுத்தவன் நானே. டிசம்பர் 16க்குள் எல்லாம் போயிருந்தன.

திருத்திய வரைபடத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். “இந்தக் கோடு உங்ககிட்ட வந்திருந்தா மருந்தை ஏத்தியிருப்பீங்களா?” என்று கேட்டேன். “ஹௌது,” என்றார். ஆமாம். சுற்றி வளைக்கவில்லை, அதற்காக அவருக்கு நன்றி. கடைசி நாள் காலை வலி முழுவதும் விலகியிருக்க முடியுமா என்று கேட்டேன். சிலருக்கு அப்படி ஒரு காலை கிடைப்பதுண்டு, எல்லோருக்கும் இல்லை, உங்கள் அக்காவுக்குக் கிடைத்ததா என்று என்னால் சொல்ல முடியாது என்றார்.

நவம்பர் 30 அன்று வரைபடத்தில் அவள் விரல் வைத்த இடங்களை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். எட்டு, பிறகு நான்கு. மாத்திரை ஏன் நின்றது என்றும் கேட்டாள். நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன் என்று அவளுக்கு அப்போது தெரிந்திருந்தால், ஏன் சொல்லவில்லை? நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதற்காகவா? அப்படியானால் மறுநாளிலிருந்து எண்ணையாவது திருப்பியிருக்கலாமே. திருப்பவில்லை. மூன்று என்றும் இரண்டு என்றும்தான் வந்தது. தெரிந்திருக்கவில்லை என்றால், அந்தப் பார்வை வெறும் களைப்பு.

இதற்கும் டிசம்பர் 9க்கும் தொடர்பு உண்டு. பதிமூன்று என்பது அவள் கணக்கில் வீடு. வலி இல்லை, வந்து சேர்ந்துவிட்டேன் என்று பொருள். ஆனால் என் நிரலில் பதிமூன்று என்றால் மணி அடிக்கும், நான் ஓடி வருவேன். என் கணக்கு அவளுக்குத் தெரிந்திருந்தால், அன்று காலை நான் பக்கத்தில் வேண்டும் என்று அவளே அந்த எண்ணைத் தேர்ந்து அனுப்பியிருக்கலாம். அப்படியென்றால் அன்றும் அவளுக்கு வலி இருந்திருக்கலாம். அந்தப் பெண்மணியிடம் மறுபடி போன் செய்து கேட்டேன். ஒன்பது மணிக்குத் தான் பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்ததாகவும், போன் அக்காவின் கையில் இருந்ததாகவும், என்ன அனுப்பினாள் என்று தெரியாது என்றும் சொன்னார். காலையில் நன்றாகப் பேசினாள் என்பது உண்மை. ஆனால் துணியைக் கடித்துக்கொண்டிருந்த நாட்களிலும், என்னிடம் நன்றாகத்தான் பேசியிருக்கிறாள்.

நோட்டில் அந்த நாளுக்கு எதிரே இடம் விட்டிருக்கிறேன். நிரலின் மூலப் பதிவில் இன்னும் 10 என்றுதான் இருக்கிறது, திருத்திய பதிவில் 0. டிசம்பர் 9 காலை 9.04க்கு அக்காவுக்கு வலி இருந்ததா, இல்லையா என்பது இதை எழுதும் இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.